வெள்ளைப்பூ வந்த பிறகும்

"பொட்டப்பிள்ள படிச்சு என்னத்த ஆகப்போகுது? மாத்திர அட்டையில எழுதியிருக்கத வாசிக்கத் தெரிஞ்சாப் போதாதா?"

ராமநாதபுரம் கல்லூரியில் விலங்கியல் படிக்க நான் சேர்ந்தபோது என் தாய்மாமா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டேதான் படித்தேன். முதல் வகுப்பில் தேறினேன். அதன்பிறகு ஆஸ்பத்திரியோ தாலுகா ஆபீஸோ, எந்தக் காகிதம் வந்தாலும் மாமாவே என்னிடம்தான் கொண்டுவருவார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

போன வருடம் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அம்மாவின் கூடப்பிறந்த அக்காவான என் பெரியம்மாவும் அதே நோயில்தான் நடுவயதில் போய்ச் சேர்ந்தார். மதுரையில் ஆபரேஷன் முடிந்ததும், இது பரம்பரையாக வருவதா என்று பார்க்க அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதிக்கலாம் என்றார் டாக்டர்.

"என் ரத்தத்துல என்னத்தத் தேடுறாக?" என்று ஊர் திரும்பும் பேருந்தில் அம்மா கேட்டார்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் உள்ள டி.என்.ஏ. தினமும் எங்காவது உடைந்துகொண்டேதான் இருக்கும். அதைச் சரிசெய்யவும் உடம்பிலேயே ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாடே பிறவியில் பழுதாக இருந்தால் உடைப்புகள் சேர்ந்துகொண்டே போய்ப் புற்றுநோயாகலாம். இதை எங்கள் ஊர்க் கண்மாயை வைத்துச் சொன்னேன். "கண்மாய்க் கரையில தினம் ஓட்டை விழும்மா. அடைக்க ஒரு ஆளு இருப்பான். நம்ம வீட்டு ஆளு ஒழுங்கா வேல பாக்குறானான்னு பாக்குறாக."

"ஒழுங்கா பாத்திருந்தா எனக்கு ஏன் வந்துச்சு?" என்றார் அம்மா.

முடிவு வந்தது. சரிசெய்யும் மரபணு ஒன்றில் ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெடுதலா, சும்மா இருப்பதா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இதுபோன்றவை பெரும்பாலும் பின்னால் ஒன்றுமில்லை என்றுதான் ஆகுமாம். இருந்தாலும் குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்திருப்பதால், மற்ற பெண்கள் ஆண்டுதோறும் டாக்டரிடம் காட்டிக்கொள்வது நல்லது என்றார். நான் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாச் சொல்லும் புரிந்தது. பதில் மட்டும் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா மகளுக்கு ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அம்மாவின் நோய் அவர்கள் காதுக்குப் போயிருந்தது. மாமா பைக்கை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பரம்பர வியாதியா, இல்லையா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"தெரியல மாமா."

"தெரியலையா? அதுக்கா இம்புட்டுப் படிச்ச?"

கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப்பூ ஒரு இலையிலும் சிவப்புப்பூ ஒரு இலையிலும் மடித்து அம்மன் முன்னால் வைத்தார்கள். வெள்ளை வந்தால் பரம்பரை நோய் இல்லை என்று கணக்கு. பூசாரி எடுத்துப் பிரித்தது வெள்ளை. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. படித்த எனக்கு ஏன் இந்த நிம்மதி என்று குழம்பினேன். டாக்டர் சொல்லாத 'இல்லை'யை யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று நானும் காத்திருந்திருக்கிறேன் போலும்.

அபிராமத்தில் மாமா வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, நீதான் படிச்ச பிள்ளையாம்ல? ஒங்க ஆத்தா வியாதி இந்தப் பிள்ளைக்கும் வருமா?"

மாமா முந்திக்கொண்டார். "டெஸ்டும் எடுத்தாச்சு, சாமிகிட்டயும் கேட்டாச்சு. ஒண்ணுமில்ல. சொல்லுத்தா நீ."

'இல்லை' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கதவோரம் மாமா மகள் தட்டோடு நின்றாள். அவளும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்று சொன்னால் அவளும் அதை நம்பிவிடுவாள். அப்புறம் ஒருநாளும் டாக்டரிடம் போகமாட்டாள்.

"தெரியலங்க அத்த. வரலாம், வராமலும் போகலாம். டாக்டருக்கே இன்னும் தெரியல. வருசா வருசம் காட்டிக்கிட்டா, வந்தாலும் ஆரம்பத்துலயே பிடிச்சிரலாம்."

"ரேடியோவுல மழ சொல்ற மாதிரியில்ல சொல்ற?" என்றார் அவர். வந்தவர்களில் ஓரிருவர் சிரித்தார்கள். யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார்கள்.

கார் தெருமுனை திரும்பியதும் மாமா சொன்னார்: "நீ மாத்திர அட்டைய மட்டுமே வாசிச்சிருக்கலாம்."

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அந்த வீட்டாரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அம்மாகூட, "ஒரு நல்ல காரியத்துக்கு இல்லைன்னு சொல்லியிருந்தா என்ன குறஞ்சு போச்சு?" என்கிறார். நான் செய்தது சரியா என்று கேட்டால் அதற்கும் என்னிடம் 'தெரியவில்லை'தான் இருக்கிறது. படிப்பு எல்லாவற்றுக்கும் பதில் தரும் என்று நம்பியவள் நான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

சில நாள் கழித்து மாமா மகள் போன் செய்தாள். "மதினி, வருசா வருசம் காட்டணும்னியே, அது எங்க காட்டுறது?"

போன வாரம் இருவரும் சேர்ந்து மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தோம். அடுத்த வருடத்துக்கான நாளையும் அங்கேயே இருவர் பெயரிலும் சொல்லி வைத்துவிட்டேன்.