அம்மாக்கண்ணுவின் நாற்பத்தோராம் நாள்

1978 மே 9, செவ்வாய்க்கிழமை. கோலாலம்பூரில் அம்மாக்கண்ணுவின் நெஞ்செலும்பை நடுவே அறுத்துத் திறந்து, பழுதான இதய வால்வை மாற்றினார்கள். எலும்பைக் கம்பியால் சேர்த்துக் கட்டி, மூன்று மாதத்துக்குக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்று அனுப்பினார் டாக்டர்.

நாற்பத்தோராம் நாள், தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவள் கூடையோடு வந்து நின்றாள். புருஷன் செத்து ஆறு வருடம். வேலைக்குப் பெயர் கொடுக்க ஆளில்லாத குடும்பத்துக்குத் தோட்டத்தில் குடியிருக்க லயத்து வீடு கிடையாது. மகள் சீதாவுக்குப் பள்ளியில் அக்டோபரில் மூன்றாம் படிவச் சோதனை, அரசுப் பரீட்சை.

"ஒன் நெஞ்சு என்னா பால் டின்னா, ஈயம் வச்சு ஒட்ட? வீட்டுக்குப் போ!" என்றார் சிங்காரம் கங்காணி.

"கையாலதான தூக்கக் கூடாதுன்னாரு? கூடைக் கயிறு தலையிலதான கெடக்கு, கங்காணி. நான் போனா பேர் எழுதுற கிராணி சீதாவத்தான வேலைக்குக் கேப்பாரு?"

கங்காணி தலையைச் சொறிந்தார். அவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

பதினொன்றே கால். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்கக் குனிந்தபோது தலையிலிருந்து கயிறு நழுவியது. பதினான்கு கிலோ கொழுந்து. தன்னையறியாமல் இரு கையாலும் பிடித்துவிட்டாள். நெஞ்சுக்குள் 'டக்'கென்று ஏதோ விட்டது. பக்கத்தில் நின்ற ரஞ்சிதத்துக்கும் அது கேட்டது.

"என்னாக்கா சத்தம்?"

அம்மாக்கண்ணு நெஞ்சில் கை வைத்தாள். மூச்சு விடும்போது இடப்பக்கம் ஒரு திசையில் அசைந்தது, வலப்பக்கம் வேறு திசையில்.

"கம்பி எலும்பை அறுத்திருக்கு. இந்த மாதிரி நான் பாத்ததே இல்லம்மா" என்றார் பக்கத்து ஊரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரி டாக்டர். கோலாலம்பூருக்கு வண்டி தயாரானது. துணி மூட்டையோடு சிங்காரம் வந்தார்.

"சீதா எங்க கங்காணி?"

"கிராணி ஆபீசுல. விசயம் தெரிஞ்சதும் தானாவே போய்ப் பேர் குடுத்துட்டா."

அம்மாக்கண்ணு படுக்கையிலிருந்து எழப்போனாள். நர்ஸ் மிஸ்ஸி தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"அவ பேர வெட்டச் சொல்லுங்க! சோதனைக்கு நாலு மாசந்தான இருக்கு!"

கங்காணி துணி மூட்டையைக் கட்டிலடியில் வைத்தார்.

மறுபடி நெஞ்சைத் திறந்து கட்டினார்கள். புண்ணில் சீழ் பிடித்து, ஏழு வாரம் கழித்துப் பிழைத்து வீடு வந்தாள். சீதா ஓடி வந்து கையைப் பிடித்தாள். கொழுந்துக் கறையில் விரல் நுனிகள் கறுத்திருந்தன. அதைப் பார்த்த அம்மாக்கண்ணு வாசலிலேயே நின்றுவிட்டாள்.