சஃபாவுக்காகச் சிதம்பரமும் கடலூரும் ஒரே நாளில்

என் மகள் சஃபாவுக்கு மூன்று வயது. இரண்டு காதும் ஏறக்குறைய முழுதாகக் கேட்காது. பேச்சுப் பயிற்சி மட்டும் போதுமா, சைகை மொழி சொல்லித்தரும் பள்ளியில் சேர்ப்பதா என்று முடிவெடுக்கத்தான் போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பரங்கிப்பேட்டையிலிருந்து கிளம்பினோம். கணவருக்குக் குவைத்தில் வேலை. விடுப்பு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. இதே அலைச்சலில் இருக்கும் பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை 7.10 டவுன் பஸ். சிதம்பரம் சுமார் 25 கி.மீ., ஒரு மணி நேரம். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் இல்லை, கணவருக்கு 20 ரூபாய். ஏறியதிலிருந்தே சஃபா காது மெஷினைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். நான் மாட்ட, அவள் பிடுங்க, கடைசியில் அவள் இரண்டு கைகளையும் என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சிதம்பரம் வரைக்கும் அழுதாள்.

பேச்சுப் பயிற்சி மையத்தில் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டது 10.20க்கு. பயிற்சி தரும் அம்மா அக்கறையானவர்தான். ஆனால் ஒன்றரை வருடமாகச் சொல்வதையே அன்றும் சொன்னார்: "கையைக் காட்டிப் பழக்கிட்டீங்கன்னா வாயைத் தொறக்க மாட்டா. காட்டுனா கையைப் புடிச்சிக்குங்க." சஃபா அன்று ஒரு சத்தமும் எழுப்பவில்லை. மெஷினைப் பிடுங்குவது வெறும் அடமாம்.

வெளியே வந்ததும் கணவர், "ஊர்ல யாரு கையால பேசப் போறா? கடலூர் வேணாம், வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம் மச்சான். பாத்துட்டாவது போவோம்."

11.40க்குக் கடலூர் பஸ். அது எங்கள் ஊருக்குப் பிரியும் முட்லூர் வழியாகப் போகும், அங்கேயே இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுதான் கஷ்டம். கண்டக்டர் வந்து நின்றதும் கணவர் என்னைப் பார்த்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க மாமா, முட்லூரா கடலூரா?" என்றார் கண்டக்டர்.

"கடலூர் ரெண்டு," என்றேன். ஆளுக்கு 38 ரூபாய்.

ஒரு மணிக்கு இறங்கி, ஷேர் ஆட்டோவில் சைகை மொழிப் பள்ளிக்குப் போனோம். அங்கே ஆசிரியைக்கே காது கேட்காது. தலைமை ஆசிரியை எங்களிடம் பேசிக்கொண்டிருக்க, அந்த ஆசிரியை சஃபாவை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் முன்னால் உட்கார்ந்து, தன் காதைத் தொட்டு, முகத்தைச் சுளித்து, வலிக்கிறதா என்று கையால் கேட்டார். சஃபா வெறித்துப் பார்த்தாள். பிறகு தன் வலது காதைத் தொட்டு, அதேபோல் முகத்தைச் சுளித்தாள்.

மெஷினைக் கழற்றிப் பார்த்தால், காதுக்குள் பொருந்தும் அச்சு அழுத்தி உள்ளே புண். பிள்ளை வளர்ந்திருக்கிறாள், அச்சு வளரவில்லை. அந்தக் கைகளைத்தான் நான் காலையில் பிடித்து வைத்திருந்தேன்.

கணவர் மெஷினை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "இங்க சேத்தா பேச்சு வராமப் போயிடுமா?" என்று கேட்டார்.

தலைமை ஆசிரியை சொன்னார்: "வரும், வராதுன்னு யாரும் எழுதித் தர முடியாதுங்க. புண்ணு ஆறட்டும், புது அச்சு வாங்கி மெஷின் போடுங்க. பேச்சுக்கும் அழைச்சிக்கிட்டுப் போங்க. ஆனா வலிக்குதுன்னு சொல்ல அவ இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கணும்?"

திரும்பும் பஸ்ஸில் முட்லூர் நெருங்கியபோது கணவர் கேட்டார்: "டெய்லி கடலூருக்கு அலைவியா?"

"அலையறேன்."

இப்போது வாரத்தில் ஐந்து நாள் கடலூர், சனிக்கிழமை சிதம்பரம். பெரும்பாலும் பஸ்ஸிலேயே தூங்கிவிடுகிறேன். செய்தது சரிதானா என்று இன்றும் முழுதாகத் தெரியாது. நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு இடங்களையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தை தாங்காது. வகுப்பு நடக்கும்போது போய்ப் பாருங்கள். பிள்ளை மெஷினைப் பிடுங்கினால், அடம் என்பதற்கு முன் காதுக்குள் பாருங்கள். முடிவெடுப்பதில் பங்குள்ளவரைக் கையோடு கூட்டிப் போங்கள். போய் வந்து நாம் சொன்னால் ஏறாது.

கணவர் குவைத்தில் இருந்தபடி வீடியோ பார்த்துச் சைகை கற்கிறார். முன்பெல்லாம் வீடியோ காலில் சஃபா போனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஓடிவிடுவாள். போன வாரம் அவள் கன்னத்தில் மீசை இழுத்துக் காட்டி, மூன்று விரல்களை நீட்டினாள். எனக்குப் புரிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கே என்று கையாலேயே கேட்டார். சஃபா போனைத் தூக்கிக்கொண்டு, பூனை குட்டி போட்டிருந்த மாடிப்படிக்கு ஓடினாள்.