அய்யன் நெல் கொண்டுவந்த மாதங்கள்

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண்ணை அவள் புருஷன் விட்டுவிட்டான். கைக்குழந்தை இருக்கிறது. குழந்தையின் செலவுக்குக் காசாகத் தர முடியாது, அரிசியாகவும் பருப்பாகவும் தருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறான். போன வாரம் கிணற்றடியில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். காசுதான் வாங்கவேண்டும் என்றாள் ஒருத்தி. கிடைக்கிறதை வாங்கிக்கொள்ளட்டும் என்றாள் இன்னொருத்தி. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கும் பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை. நாலாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு ஐந்து வயதில் அய்யன், என் அப்பா, வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, கிழக்கே பொள்ளாச்சிக்குப் போகிற வழியில் மூன்று கல் தூரம் தள்ளிக் குடிபோனார். ஆத்தா என்னைக் கூட்டிக்கொண்டு கோவிந்தாபுரத்தில் தன் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி ஒரு முடிவு சொன்னார்கள். என் வளர்ப்புக்கு அய்யன் மாதம் எட்டு வள்ளம் நெல் கொடுக்கவேண்டும். கடலை ஆட்டும் காலத்தில் ஒரு கலயம் எண்ணெய். வருஷத்துக்கு இரண்டு துணி. ஆள்வசம் கொடுத்தனுப்பக் கூடாது. அவரே கொண்டுவந்து, எங்கள் வாசலில் அவரே அளந்து போடவேண்டும். பின்னால் அளவில் சண்டை வரக்கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். எனக்கு ஒரு அப்பா இருந்தது அந்த நிபந்தனையால்தான்.

மாதத்தில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்குள் வண்டிச் சத்தம் கேட்கும். அத்தை, மாமனின் மனைவி, அடுப்படியிலிருந்தே சொல்வாள்: "வந்துட்டாரு மாப்பிள்ளை. மூட்டையும் மூஞ்சியுமா." ஆத்தா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். மாமன் அளக்கிற வள்ளத்தை எடுத்து வாசலில் வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். நான் சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பேன். அய்யன் குனிந்து அளப்பார். முதல் வள்ளத்துக்கு ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்பார். பிறகு ரெண்டு, மூணு. எட்டு முடிந்ததும் இன்னொரு கை நெல் அள்ளி என் பாவாடை மடியில் போடுவார். "இது கணக்குல சேராது. இது அம்மிணிக்கு."

அந்த ஒரு கை நெல்லைக் கடையில் கொடுத்துப் பொரி வாங்கித் தின்பேன். சில மாதம் கொடுக்காமல் சேலைத் துணியில் முடிந்து வைத்திருப்பேன்.

பேச்சு அதிகம் இருக்காது. காளைக்குத் தண்ணீர் காட்டுவேன். "இவன் என்னைவிட ஒழுங்கு. மாசம் பொறந்தா இந்த வாசலுக்கு இவனே திரும்பிக்கறான் பாரு" என்பார். பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "செரி, அடுத்த மாசம் சொல்லு" என்று வண்டியேறிவிடுவார். அடுத்த மாதம் சொல்வதற்காக ஒரு பாட்டை மனப்பாடம் செய்வேன். அடுத்த மாதமும் சொன்னதில்லை.

எனக்கு ஒன்பது வயதில் குளிர்காய்ச்சல் வந்தது. மலையடிவாரத்தில் அந்த வருஷம் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். தபாலாபீசில் அதற்கு மருந்தாகக் கொய்னாப் பொட்டலம் விற்றார்கள், காலணாவுக்கு ஒன்று. வீட்டில் குதிர் நிறைய நெல் இருந்தது, காலணா இல்லை. மாமன் சந்தைக்குப் போனவர் திரும்பவில்லை. ஆத்தா முறத்தில் நெல்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். "நெல்லுக்கு உப்பு தருவேன், மொளகா தருவேன். காசுக்கு நானெங்க போறதுங்க" என்றார் கடைக்காரர். அதே முறத்தோடு தபாலாபீசுக்குப் போனாள். சர்க்கார் மருந்துக்கு நெல் வாங்கத் தனக்கு உத்தரவில்லை என்றார் அங்கிருந்தவர். யாரிடமும் காலணா கடன் கேட்க ஆத்தாவுக்கு வாய் வரவில்லை. என் வாய் அவளிடமிருந்து வந்ததுதான்.

மூன்றாம் நாள் மாமன் வந்து பார்த்தபோது நான் கண் திறக்கவில்லையாம். மருந்து வாங்கிவந்து புகட்டியவர் அவர்தான். இரவும் பகலும் மடியில் வைத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். நான் எழுந்து கஞ்சி குடித்த அன்றைக்கு ஆத்தாவிடம் சொன்னார்: "குதிர் நெறைய நெல்ல வெச்சுக்கிட்டு புள்ளையக் கொல்லப் பாத்தோம். இனி நெல்லு வேண்டாம். காசாத்தான் வாங்கோணும்." மாமன் பாலக்காட்டுக் கோர்ட்டுக் கச்சேரியில் மனுப் போட்டார். அவர் செய்ததில் குற்றம் இருந்ததாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

விசாரணை நாளில் மாமன் வண்டியில் நாங்கள் மூவரும் போனோம். அய்யன் தனியாக வந்திருந்தார், வெளுத்த வேட்டி கட்டி. மாஜிஸ்திரேட் உயரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மலையாளத்தில் சொல்வதைக் குமாஸ்தா தமிழில் எங்களுக்குச் சொன்னார்.

அய்யன் கும்பிட்டுச் சொன்னார்: "நெல்லா குடுக்கறனுங்க, எண்ணெயா குடுக்கறனுங்க. காசு எம்பட கையில நிக்கறதில்லீங்க சாமி. ஒரு மாசம் தவறியிருக்கனான்னு புள்ளையவே கேளுங்க."

சட்டத்தில் மாதம் இவ்வளவு ரூபாய் என்றுதான் எழுத முடியும், ஆனால் தாய் சம்மதித்தால் பண்டமாக வாங்கிக்கொள்ளலாம் என்று குமாஸ்தா ஆத்தாவிடம் சொன்னார். ஆத்தா அய்யனைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் அவள் கதவு மறைக்காமல் அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு மாமனைப் பார்த்தாள். "அண்ணன் சொல்றதுதானுங்க" என்றாள்.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். "குட்டி பறயட்டே" என்றார். குழந்தை சொல்லட்டும் என்று அர்த்தம். குமாஸ்தா குனிந்து கேட்டார். "உங்கப்பா கொண்டுவர நெல்லு போதுமா? காசு வேணுமா?"

எனக்கு நெல்லும் வேண்டாம், காசும் வேண்டாம். அய்யன் வரட்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கச்சேரி முழுக்க ஆண்கள். என் தோளில் மாமனின் கை இருந்தது. காய்ச்சலில் என்னைத் தாங்கிய கை. நான் என் கால்விரலைப் பார்த்தேன். குமாஸ்தா இன்னொரு தடவை கேட்டார். அய்யன், "சொல்லு அம்மிணி, பயப்படாத" என்றார். நான் அழவும் இல்லை. சும்மா நின்றேன்.

குழந்தைக்குப் போதவில்லை போலிருக்கிறது என்று குமாஸ்தா சொன்னதை மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். மாதம் ஐந்து ரூபாய், மணியார்டரில் அனுப்பவேண்டும் என்று தீர்ப்பானது. வெளியே வந்ததும் அய்யன் எங்கள் வண்டியருகில் கொஞ்ச நேரம் நின்றார். மாமன் காளையைப் பூட்டினார்.

அடுத்த மாதம் தபால்காரர் வந்தார். ஆத்தா கைநாட்டு வைத்தாள். மணியார்டர் தாளின் அடியில் இரண்டு வரி எழுத இடம் இருக்கும். அதை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். "குழந்தை செலவுக்கு" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அய்யனுக்கு எழுதத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் அந்த அடித்தாளை வாங்கிப் பார்ப்பேன். ஒரு மாதமும் அதற்குமேல் ஒரு சொல் இருந்ததில்லை.

வீட்டில் கொய்னாப் பொட்டலம் எப்போதும் இருந்தது. எனக்குச் சிலேட்டு வந்தது, புதுப் பாவாடை வந்தது. அய்யன் வரவில்லை. கச்சேரிக்கு இழுத்த கோபம் என்றாள் அத்தை. என்மேல் கோபம் என்று நான் நினைத்தேன். வள்ளம் கூரை எரவாணத்தில் கவிழ்ந்து கிடந்தது. மாதம் பிறக்கிற நாளில் ஆத்தா அதை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைப்பாள். அவளுக்கும் அந்தக் கதவு மறைவு வேண்டியிருந்தது என்பது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் புரிந்தது.

பதினைந்து வயதில் மாமனோடு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனேன். மாமன் கன்று பார்க்கப் போனார். நான் நெல் மண்டி வாசலில் நின்றேன். அங்கே அய்யன் இருந்தார். தலை நரைத்திருந்தது. வியாபாரியின் ஆள் அவருடைய நெல்லை அளந்து சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார், பெரிய மனிதரைப் பார்த்ததுபோல. "பணம் சரியா வந்து சேருதா அம்மிணி?" என்று கேட்டார்.

"வருதுங்க" என்றேன்.

"அதுக்குத்தான் மாசாமாசம் இங்க கொண்டாந்து போடறது. என்ன வெலைக்குக் கேட்டாலும் குடுத்தர்றது." அளக்கிறவனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நெல்லு வேண்டாம், காசுதான்னு கச்சேரில எழுதிட்டாங்க. அப்பறமும் நெல்லக் கொண்டாந்தா தப்பாயிரும்னு சொன்னாங்க. வெறுங்கையோட உங்க வாசல்ல வந்து என்னன்னு நிக்கறது. ஒருக்கா ஊர் எல்லை வரைக்கும் வந்தேன். காளை தானா திரும்பிருச்சு உங்கூட்டுப் பக்கம். இழுத்துப் புடிச்சு ஓட்டிட்டுப் போயிட்டேன்."

வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே அய்யா, என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நான் மனப்பாடம் செய்த பாட்டுகள் இருக்கின்றன என்று சொல்லியிருக்கவேண்டும். ஆறு வருஷம் கழித்தும் கால்விரலைத்தான் பார்த்தேன்.

அய்யன் குனிந்து பக்கத்திலிருந்த சாக்கிலிருந்து ஒரு கை நெல் அள்ளினார். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் முந்தானையை விரித்துவிட்டேன்.

"ஏனுங்க, அது அளந்து முடிஞ்ச நெல்லு. கைய வெக்காதீங்க" என்றான் வியாபாரியின் ஆள். கோபமாகச் சொல்லவில்லை. வேலையில் சொன்னதுதான்.

"ஆமா, ஆமா" என்றார் அய்யன். நெல்லைச் சாக்கிலேயே திரும்பப் போட்டார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த இரண்டு மணியையும் தட்டிவிட்டார்.