பருத்த சிப்பாயும் சாப்பாட்டு மேசையும்

ஹோரஸ் எட்வின் பென்ஃபோல்ட் (1936–2017) இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் பிறந்து, அங்கேயே இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் அவருக்கு ஒரே வேலைதான்: 1811 வாக்கில் ஸ்பெயினில் போரிட்ட பச்சைச் சட்டை அணிந்த பிரிட்டிஷ் துப்பாக்கிப் படையினரை, உள்ளங்கையில் அடங்கும் மார்பளவுச் சிலைகளாக வடித்து வண்ணம் தீட்டுவது.

இதற்காக வீட்டின் சாப்பாட்டு மேசையை அவர் பிடித்துக்கொண்டார். எங்கள் சிறுசிலைக் கலைஞர் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் முதல் பரிசான தங்க அட்டை கிடைத்த அன்றே மேசையைக் காலி செய்துவிடுவதாக மனைவி மியூரியலுக்கு வாக்களித்திருந்தார். ஆண்டுதோறும் வெள்ளி அட்டையே வந்தது. மியூரியல் தட்டை மடியில் வைத்துக்கொண்டே உண்டு வந்தார்.

2009ஆம் ஆண்டு ஹோரஸ் வடித்த சிலைக்குப் 'பட்டினிச் சிப்பாய்' என்று பெயர். ஒட்டிய கன்னம், குழிந்த கண், தொளதொளத்த சட்டை. வடித்தவரையில் குறையில்லை, வினை வண்ணத்தில் வந்தது. எங்கள் சங்கத்தில் மதத்தைப் பற்றிக்கூடச் சண்டை வராது. அந்தச் சட்டையின் பச்சை எது என்பதில் வரும். கறுப்பை ஒட்டிய பச்சை என்பார் ஒருவர். வெயிலில் வெளுத்த பச்சை என்பார் இன்னொருவர். ஹோரஸ் எல்லோர் பேச்சையும் மதித்தார். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் வீடு திரும்பி, பழைய பச்சையின் மேலேயே புதுப் பச்சையைப் பூசினார். அதற்குப் பொருந்த முகத்தையும் மீண்டும் தீட்டினார்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் காலை, மியூரியல் தேநீர்க் கோப்பையுடன் வந்து நின்றார்.

"ஏம்ப்பா ஹோரஸ், உன் ஆளு பட்டினி கிடக்கிறவன்னுதானே சொன்னே? நாளுக்கு நாள் தடிச்சுக்கிட்டே போறானே! எனக்குத் தெரியாம கேக்கு ஏதாச்சும் ஊட்டுறியா?"

ஹோரஸ் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பூச்சின் மேல் பூச்சு ஏறி, சட்டை மடிப்புகள் தூர்ந்து, கன்னக்குழி நிரம்பி, சிப்பாய் செழித்திருந்தான்.

"போச்சு மியூரியல். சுரண்டினா மூக்கும் சேர்ந்து வந்துடும்."

"அப்போ என் மேசை?"

"அடுத்த வருஷம்."

"அதெல்லாம் நடக்காது. பட்டாளத்துல எல்லாருமா பட்டினி கிடந்தாங்க? உக்கிராணச் சாவி வெச்சிருந்தவன் நல்லாத்தானே தின்னிருப்பான்? பேரை மாத்து."

"உக்கிராணக்காரன் சார்ஜெண்டும்மா! சட்டைக் கையில பதவிப் பட்டை வேணுமே!"

"உன் ஆளுக்குக் கை எதுவரைக்கும் இருக்கு?"

ஹோரஸ் மறுபடி பார்த்தார். மார்பளவுச் சிலையல்லவா? பட்டை தைக்கும் இடத்துக்குச் சற்று மேலேயே கை முடிந்திருந்தது.

மறுநாள், 'உக்கிராணச் சார்ஜெண்ட்' என்ற புதிய பெயர்த்தகட்டுடன் சிலை மண்டபம் ஏறியது. நடுவர் டெஸ்மண்ட் டிரான்டர், டார்ச் அடித்துப் பொத்தான்களைச் சரிபார்ப்பவர். அவர் நெடுநேரம் குனிந்தே நின்றார்.

"எல்லாரும் காஞ்ச கருவாட்டையே கொண்டு வர்றாங்க. அந்தப் படையில ஒருத்தனாவது வயிறார சாப்பிட்டான்னு காட்டினது நீதான்ப்பா. இந்தச் சதைப்பிடிப்பு எப்படி வந்துச்சு?"

"கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு," என்றார் ஹோரஸ், உண்மை வழுவாமல்.

தங்க அட்டையை முதலில் பறித்துக்கொண்டவர் மியூரியல். அன்று மாலையே மேசை காலியாயிற்று. ஹோரஸ் இஸ்திரிப் பலகைக்குக் குடிபெயர்ந்தார். சில வாரங்களில், தேவாலயத்துக்கு மியூரியல் உடுத்தி வந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒரு பச்சைத் தீற்றலை நாங்கள் அனைவரும் கண்டோம். வெளுத்த பச்சை என்பது என் துணிபு. டிரான்டர் இன்றும் மறுக்கிறார். மறுநாளே மேசையில் பாதி ஹோரஸுக்குத் திரும்பக் கிடைத்தது. அந்தப் பாதியில் அமர்ந்து அவர் கடைசியாகத் தூரிகை பிடித்தது 2017 மார்ச் 4ஆம் நாள்.