எல்லாம் தெரிந்த பியூலா அக்கா

போன வாரம் சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்பும்போது எல்லைப் பாலத்தில் பேருந்து அசையவே இல்லை. பொழுது போகாமல் கைப்பேசியைத் திறந்தால், சபை வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பெண்ணின் கல்யாண விவரத்தைப் போட்டிருந்தார்கள். கர்த்தருக்குப் பயந்தவர், பட்டதாரி, சிங்கப்பூரில் நல்ல உத்தியோகம். அதுவரைக்கும் சரி. கீழே பார்த்தால், கீபோர்டு வாசிப்பார், கேக் செய்வார், ஞாயிறுப் பள்ளி நடத்துவார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைச் சீனப் பெண்மணி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் பையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

கல்யாணத்துக்கும் கீபோர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் எங்கள் சபையில் வளரவில்லை, அதனால் கேட்கலாம். பாலத்துக்கு இந்தப் பக்கம், செனாயில் நான் வளர்ந்த காலத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண் நன்றாக வளர்ந்திருக்கிறாள் என்பதற்குச் சில அடையாளங்கள் இருந்தன. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மாதர் சங்கத்து அம்மாக்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அதில் பட்டர் கேக்குக்கு முக்கியமான இடம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தாமான் குடியிருப்பில் நடந்து போனால் எந்தெந்த வீட்டில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று வெனிலா வாசனையே சொல்லிவிடும். என் கேக் மட்டும் எப்போதும் நடுவில் குழிந்துபோகும். "இதுல தண்ணி ஊத்தி மீன் வளக்கலாம் போலிருக்கே," என்பார் அப்பா. சொல்லிக்கொண்டே மூன்று துண்டு சாப்பிடுவார், அது வேறு விஷயம்.

பாட்டிலும் நான் அப்படித்தான். பாடகர் குழுவில் உயரமான ஒரு பெண்ணுக்குப் பின்னால் என்னை நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக் கூட்டங்களில் வாய்விட்டு ஜெபிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பாதியில் வார்த்தை தீர்ந்துவிடும். அவசரத்துக்கு "நல்ல மழையைத் தாரும்" என்று முடித்துவிடுவேன். ஒரு டிசம்பரில், ஊர் பாதி வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும்போது அப்படி ஜெபித்துவிட்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

"பியூலாவ பாரு," என்பதுதான் அம்மாவின் நிரந்தர வசனம். பார்க்காமல் எங்கே போவது, நான்கு வீடு தள்ளித்தானே இருந்தார். பியூலா அக்காவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு லாரி ஓட்டியவர். அந்த வீட்டிலிருந்து வந்து அக்கா எல்லாம் கற்றுக்கொண்டிருந்தார். சேலை மடிப்புக் கலையாமல் கீபோர்டு வாசிப்பார். எந்தக் கிழவர் எந்தச் சுருதியில் பாட்டை ஆரம்பித்தாலும் ஒரு விரலால் தட்டிப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள் அவர் கண்ணைக் காட்டினால் அடங்கும். கேக் குழியாது. இவ்வளவும் போதாது என்று தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை, மாலையில் தபால்வழிப் பட்டப் படிப்பு. எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குக் காரணம் வேன்.

பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து, பரீட்சை முடிவு வரும்வரை என்று அதே தொழிற்சாலையில் நானும் சேர்ந்தேன். காலை வேனில் ஓட்டுநரின் கிராம்புச் சிகரெட்டும் யாரோ தேய்த்திருக்கும் தலைவலித் தைலமும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்தத் தைலம் மணந்தால் எனக்குப் பியூலா அக்காவின் குரல்தான் கேட்கிறது. ஏனென்றால் அக்கா வேனில் பேசுவார். ஒரு வேதக் கதையை எடுத்துக்கொண்டு, ஏதோ நேற்றுப் பக்கத்துத் தாமானில் நடந்ததுபோலச் சொல்வார்.

"அத்தன பேருக்கு விருந்து வச்சாங்கன்னு சொல்றோம் லா. எல்லாரும் சாப்ட்டாங்க, சந்தோஷமா போய்ட்டாங்க. பாத்திரம் யாரு கழுவுனது?"

முன் இருக்கையில் கண்ணை மூடியிருக்கும் இந்துப் பிள்ளைகள்கூடத் திரும்பி உட்கார்வார்கள். "அலமாக், ஆமா லா, யாரு?" என்பார்கள். தொழிற்சாலை வாசலில் வேன் நின்ற பிறகும் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். எங்கள் போதகருக்கு ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

ஒருநாள் திரும்பி வரும்போது அக்கா என்னிடம் மட்டும் சொன்னார். இறையியல் படிக்க வேண்டும், போதகராக வேண்டும் என்று ஆசை. அதற்கு முதலில் சபை பரிந்துரைக்க வேண்டும். "ஒரே ஒரு தடவ பிரசங்கம் பண்ண விட்டா போதும்மா. கர்த்தர் என்னைக் கூப்பிட்டாரா, இல்ல நானா நெனச்சுக்கறேனான்னு எனக்கே தெரிஞ்சிடும்." சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று வேனைத் திரும்பிப் பார்த்தார். யாருக்கும் பயப்படாமல் பேசுகிறவர் என்பதால் எனக்கு அது மறக்கவில்லை.

இதில் என்ன கஷ்டம் என்றால், எங்கள் சபையில் பிரசங்க மேடைக்கு மூன்று படி உண்டு. ஆண்கள் ஏறிப் பேசினால் பிரசங்கம். பெண்கள் கீழே சின்ன ஸ்டாண்டில் நின்று பேசினால் பகிர்வு. இரண்டும் ஒன்றுதானே என்று யாரும் கேட்டதில்லை. அந்த வருடம், இளைஞர்களே ஆராதனை நடத்தும் வாலிபர் ஞாயிறு வந்தபோது, அக்காவுக்கு மேடை கேட்டு நாங்கள் நாலைந்து பேர் துணிந்து சபை மூப்பரிடம் போனோம். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், இலங்கைத் தமிழர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கெட்ட மனிதர் இல்லை. பியூலா அக்காவின் படிப்புக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"பிள்ளை நல்ல பிள்ளைதான்," என்றார். "அதுக்காகப் பிரசங்கமோ? அவள் மேல ஏறினால் கீழ ஆர் வாசிக்கிறது?"

பொந்தியானிலிருந்து ஒரு பிரசங்கியாருக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அக்கா பேச ஆயத்தமாகிக்கொண்டிருந்தார் என்பது வேனில் வந்த எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க எங்களுக்குக் கதை இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார்.

வாலிபர் ஞாயிறு அன்று விடியற்காலையிலிருந்தே மழை கொட்டியது. (நான் ஜெபிக்கவில்லை, சத்தியமாக.) ஆராதனை ஆரம்பித்தாகிவிட்டது, பிரசங்கியாரைக் காணோம். வழியில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம். மூப்பர் கீபோர்டுப் பக்கம் குனிந்து, "இன்னொரு பாட்டு வாசியும் பிள்ளை," என்றார். பாடினோம். இன்னொன்று. அதையும் பாடினோம். கிறிஸ்துமஸ் பாட்டுவரை வந்துவிட்டோம், ஆகஸ்ட் மாதத்தில். வாயை மட்டும் அசைத்த எனக்கே தொண்டை வறண்டது. சபை மொத்தமும் அக்காவையும் மூப்பரையும் மாறி மாறிப் பார்த்தது. கடைசியில் மூப்பர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா ஏதாவது பகிர்ந்துகொள்ளலாம் என்றார். "இருந்துகொண்டே சொல்லும்," என்று சேர்த்துக்கொண்டார்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பேசினார். விருந்தில்தான் ஆரம்பித்தார். பாத்திரம் யார் கழுவியது என்றதும் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு. அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பிட்டவர்கள் பெயரெல்லாம் வேதத்தில் இருக்கிறது, கழுவியவர்கள் கொல்லைப்புறத்தில் இருட்டில் நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் காதால் மட்டும் கேட்டிருப்பார்கள் என்றார். அம்மா கண்ணைத் துடைப்பதை நான் பார்த்தேன். மூப்பர்கூடத் தலையைத் தூக்கி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தன்னை அறியாமலே எழுந்து நின்றிருந்தார்.

"அந்த இருட்டுல நின்னவங்களுக்கு ஆண்டவர்கிட்ட கேக்க ஒரு கேள்வி இருந்திருக்கும். அது என்னன்னா..."

கதவு திறந்தது. முழங்கால்வரை நனைந்து, பிரசங்கியார். மூப்பருக்கு அப்படி ஒரு நிம்மதி. பெரிய பாரம் இறங்கியதுபோல ஒரு மூச்சு விட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துக் கையைக் காட்டினார். அக்கா உட்கார்ந்தார். பாட்டை வாசித்தார். சுருதிகூடத் தப்பவில்லை. பிரசங்கியார் மூன்று படியும் ஏறி, பிரயாணத்தில் பொறுமை என்பதைப் பற்றி வெகுநேரம் பேசினார். பொறுமை எங்களுக்குத்தான் வேண்டியிருந்தது.

ஆராதனை முடிந்து மைலோ குடிக்கும்போது எல்லாரும் அக்காவிடம் வந்து, கீபோர்டு ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள். பிரசங்கியார் அம்மாவிடமும் மற்றப் பெண்களிடமும் தனியாக விசாரித்தார். "கையக் காட்டுன ஒடனே நிறுத்திட்டாங்களே, இப்படி அடக்கமான பிள்ளைய இப்பல்லாம் எங்கங்க பாக்க முடியுது?" அந்த வாரமே அவருடைய தம்பிக்கு அக்காவைக் கேட்டு ஆள் வந்தது. ஆசிரியர் வேலை, சொந்த வீடு. மாதர் சங்கமே குதூகலித்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தாயா, கேக் குழியாமல் இருந்தால் என்ன கிடைக்கும் என்று எழுதியிருந்தது.

அக்கா வேண்டாம் என்றுவிட்டார். வேனில் ஏனென்று கேட்டேன்.

"அவங்களுக்கு நான் பேசுனது பிடிக்கல. நிறுத்துனதுதான் பிடிச்சிருக்கு."

சரி, பாதியில் விட்ட அந்தக் கேள்வி என்ன என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அப்புறம் சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. சபையிடம் பரிந்துரையும் கேட்கவில்லை. அடுத்த வருடம் சிங்கப்பூரில் வேலைக்குப் போனார், பிறகு ஆயர் ஈத்தாமில் பூச்சட்டிக் கடை வைத்திருந்த, அதிகம் பேசாத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை, வேறு நாட்டுக்குப் போய்விட்டது. மூப்பர் காலமாகிவிட்டார். பிரசங்க மேடையை உடைத்து, தரையை ஒரே மட்டமாக்கி, சுவரில் பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் பிரசங்கம் செய்கிறாள். யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. பின்வரிசையில் ஒருவர் கைப்பேசி பார்க்கிறார். நான்தான் ஒரு வார்த்தை விடாமல் கடைசிவரை கேட்கிறேன்.

போன மாதம் வடக்கே போகும் வழியில் ஆயர் ஈத்தாமில் இறங்கினேன். அக்கா கடையில் இருந்தார். முடி நரைத்திருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறார். எங்கள் சபைப் புதுப் போதகர் மகளிர் ஞாயிறுக்குப் பிரசங்கம் செய்ய அவரைக் கூப்பிட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"போறீங்களாக்கா?"

"கீபோர்டு வேணும்னா வாசிக்கிறேன்னேன். அதெல்லாம் லேப்டாப்தானாம்," என்று சிரித்தார்.

"பேசத்தானே கூப்பிடுறாங்க. அன்னைக்கு விட்டீங்களே, அதையே பேசுங்க."

ஒரு சட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பிய்த்துப் போட்டார். கோபமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை, நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நானும் தேடிப் பாத்தேம்மா. அந்தக் கேள்வி எங்கிட்ட இப்ப இல்ல."