கோதுமை மாவில் எடுத்த வெட்டுமுகம்

நான் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்த அலுவலகம் கண்டி நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மலைநாட்டு வீதிகளில் உள்ள பழைய பாலங்கள் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்த்து அறிக்கை கொடுப்பது எங்கள் தொழில். நாட்டின் ஒரு பக்கத்தில் பாலங்களைக் குண்டு வைத்து உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. மறுபக்கத்தில் பாலங்களின் பலத்தைப் பரிசோதிக்க வெளிநாட்டு உதவி வந்துகொண்டிருந்தது. இரண்டு வேலைகளுமே மும்முரமாக நடந்தன.

அந்த உதவியோடு ஒரு கணினியும், பாலம் வடிவமைக்கும் மென்பொருள் ஒன்றும் வந்து சேர்ந்தன. கணினிக்குக் குளிரூட்டிய அறை, எங்களுக்கு மின்விசிறி. நான் படம் வரைபவள். கண்டியிலேயே மஹய்யாவையில் பிறந்தவள், நகரசபைத் தொழிலாளியின் மகள். மூன்று வாரப் பயிற்சிக்கு யாரையாவது அனுப்ப வேண்டும் என்றபோது மற்றவர்கள் எல்லோருக்கும் முக்கியமான வேலைகள் இருந்ததால் என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அந்த மென்பொருள் தெரிந்த ஒரே ஆள் நானாகிவிட்டேன். அதனால் சம்பளம் கூடவில்லை. குளிரூட்டிய அறைக்குள் உட்காரும் உரிமை மட்டும் கிடைத்தது.

பாலத்தின் உத்தரம் ஒன்றைப் பேக்கரிப் பாணை வெட்டுவதுபோலக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகம் இருக்கிறதே, அதுதான் வெட்டுமுகம். அதன் வடிவத்தில்தான் உத்தரத்தின் பலம் இருக்கிறது. மென்பொருளில் வெட்டுமுகங்களின் பட்டியல் ஒன்று தயாராக இருந்தது. சதுரம், பெட்டி, குழாய், ஆங்கில எழுத்து ‘ஐ’ போல ஒன்று, ‘டீ’ போல ஒன்று. ஒன்றைத் தெரிந்தெடுத்து உயரத்தையும் அகலத்தையும் கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பட்டியலின் கடைசியில் ‘வேறு’ என்றொரு சொல் இருந்தது. அதை அழுத்தினால் வெறும் கட்டம் போட்ட திரை வரும். வடிவத்தின் ஓரத்தில் உள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாக நாமே கொடுத்து வெட்டுமுகத்தை உண்டாக்க வேண்டும். புள்ளிகளை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் கொடுக்க வேண்டும். முதல் தடவை நான் திசையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். பரப்பளவு பூச்சியத்துக்குக் கீழே வந்தது. இல்லாமல் இருப்பதையும்விடக் குறைவான ஒரு பாலத்தை நான் வரைந்திருந்தேன்.

மலைநாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பாலங்கள் எல்லாம் ‘வேறு’தான். கையில் கிடைத்ததை வைத்துக் கட்டியிருந்தார்கள். மடுல்கெல்ல பக்கம் தேயிலைத் தோட்டப் பாதையில் ஒரு சின்னப் பாலம். அதைத் தாங்கும் உத்தரங்கள் பழைய ரயில் தண்டவாளங்கள். ஒன்றை நிமிர்த்தி வைத்து, இன்னொன்றைத் தலைகீழாக அதன் கீழே சேர்த்து, அடியோடு அடியாக ஆணி முறுக்கி இறுக்கியிருந்தார்கள். போய் அளந்து வர வேண்டும்.

அளக்க வேண்டியவர் எங்கள் பொறியியலாளர். யாழ்ப்பாணத்தவர், கண்டிக்கு வந்து இருபது வருடம். ஒரு கலவரத்தில் வீட்டையும் அலுமாரி நிறையப் புத்தகங்களையும் நெருப்புக்குக் கொடுத்தவர். அதற்குப் பிறகும் கண்டியிலேயே இருந்தார். ஆனால் எங்கே போனாலும் ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் என்னைக் கூப்பிட்டுத் தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தார்.

“பிள்ளை, இதைப் பாரும். பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. நான் ஒரு பாலத்துக்குக் கீழ நிண்டால் ஒருத்தரும் ஏன் எண்டு கேட்கமாட்டினம். நேரா ஏத்திக்கொண்டு போவினம். உம்மட அட்டையில கண்டி எண்டுதானே இருக்கு. நீர் போட்டு வாரும்.”

சரியான தர்க்கமாகத்தான் இருந்தது.

காலை பஸ்ஸில் போய் இறங்கி, பாதையில் ஒரு மைல் நடந்து, பாலத்துக்குக் கீழே இறங்கினேன். நீளம், உயரம், இடைவெளி எல்லாம் டேப்பால் அளந்தாகிவிட்டது. தண்டவாளத்தின் தலைப்பக்கம்தான் வசப்படவில்லை. பல வருடம் ரயில் ஓடித் தேய்ந்து, பிறகு பல வருடம் மழையில் துருப்பிடித்த வளைவு அது. டேப்பை எப்படி வைத்தாலும் வழுக்கியது. தூறல் வேறு. கொப்பி நனைந்தது.

ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா வெகுநேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்.

“என்னா தங்கச்சி தேடுறீங்க? ஏதாச்சும் விழுந்துருச்சா?”

“இல்லக்கா. இந்தக் கம்பியோட வளைவை அப்படியே எடுக்கணும். கையில ஒண்ணும் இல்ல.”

அவர் வந்து தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தார். “ரொட்டிக்கு மாவு பெசஞ்சு வச்சிருக்கேன். அத வச்சு அமுக்கினா அச்சு விழாதா?” என்றார்.

மூன்று வாரப் பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. அவர் லயத்துக்குப் போய் உப்புப் போட்டு இறுக்கிப் பிசைந்த மாவு உருண்டையைக் கொண்டு வந்தார். தண்டவாளத்தின் தலையில் வைத்து அழுத்தி மெல்லக் கழற்றினேன். தேய்மானம், துருக்குழி எல்லாம் அச்சாக விழுந்திருந்தது. தாள் ஈரமாக இருந்ததால் அங்கேயே வரைய முடியவில்லை. மாவைப் பொலித்தீனில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேலை முடிந்த திருப்தியில் ஜன்னலோரம் கொஞ்சம் தூங்கியும் விட்டேன்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். ஒரு பொலிஸ் சார்ஜன்ட் என் பையைத் திறந்தார். முதலில் கொப்பி வெளியே வந்தது. பாலத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரைந்திருந்தேன். வெட்டுமுகம் எடுத்த இடத்தில் தடித்த கோடு போட்டு, இரண்டு பக்கமும் அம்புக்குறி வைத்து, ஆங்கிலத்தில் ‘கட்’ என்று எழுதியிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் படம் வரைபவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

“இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“பாலம், மாத்தையா.”

“பாலம் என்று தெரிகிறது. எதற்கு இந்த இடத்தில் வெட்டப் போகிறாய்?”

வெட்டப் போவதில்லை, வெட்டியதாகக் கற்பனை செய்கிறோம் என்று விளக்கினேன். விளக்கும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கும் விளங்கியது. அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். பொலித்தீனுக்குள் வெளிர் மஞ்சளாக, மெத்தென்று, நடுவில் அளவாகக் குழி விழுந்த ஒரு கட்டி. அவருக்குப் பின்னால் நின்ற கான்ஸ்டபிள் இரண்டு அடி பின்வாங்கி மண்மூட்டைகளுக்கு அப்பால் போனார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

“கோதுமை மா, மாத்தையா. ரொட்டி சுடுகிற மா.”

“மா என்றால் சாப்பிடு.”

நான் ஓரத்தில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டேன். அச்சு விழாத பக்கம் அது. அவர் கவனித்துவிட்டார்.

“அங்கே இல்லை. அந்தக் குழி இருக்கிற பக்கம். அதைச் சாப்பிடு.”

பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தண்டவாளத்தின் தலையைப் பச்சையாகத் தின்று முடித்தேன். உப்பும் துருவுமாக இருந்தது. அழக்கூடாது என்று மென்றுகொண்டே இருந்தேன். நான் வெடிக்கவில்லை என்பது உறுதியான பிறகும் கொப்பி இருந்தது. அதனால் என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஒரு வாங்கில் உட்கார வைத்தார்கள்.

பின்னேரம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. வந்தவர் எங்கள் பொறியியலாளர். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாலத்துக்குக் கீழே நிற்கப் பயந்தவர், பொலிஸ் நிலையத்துக்குள் தானாக நடந்து வந்து தன் அடையாள அட்டையைக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். என் அட்டை கண்டி அட்டை என்பதால் என்னிடம் கேட்க அதிகம் இருக்கவில்லை. அவரிடம் கேட்க நிறைய இருந்தது. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், கடைசியாக எப்போது போனீர், சகோதரர் எத்தனை பேர், அவர்கள் எங்கே. ஒவ்வொன்றுக்கும் சிங்களத்தில் நிதானமாகப் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் முகாமையாளர் கொழும்புக்கும் இங்குமாகத் தொலைபேசியில் பேசினார். ஐந்து மணி தாண்டிய பிறகுதான் இருவரையும் விட்டார்கள்.

அலுவலக வான் வண்டியில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்தபின் பொறியியலாளர் கேட்டார், “மா முழுக்கச் சாப்பிட்டீரோ?”

“தலைப்பக்கம் முழுக்க, சேர். மிச்சத்தை அவங்க எடுத்துக்கிட்டாங்க.”

“அப்ப எங்கட பாலத்துக்குத் தலை இல்லை” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். அது முழுக்கச் சிரிப்புத்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

விஷயம் அதோடு முடியவில்லை. கொப்பியை நிலையத்தில் வைத்துக்கொண்டார்கள். அதைத் திருப்பித் தரும்படி அலுவலகம் கடிதம் எழுதியது. பொதுப் பாலங்களைப் பற்றிய விவரங்களை வெளியாருக்குக் கொடுக்க முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பாலத்தின் ஒரே வரைபடம் இப்போது பொலிஸ் கோப்பில் இருந்தது. அதை வரைந்தவள் வெளியாள்.

சில நாள் கழித்து நிலையப் பொறுப்பதிகாரியே அலுவலகத்துக்கு வந்தார். நாங்கள் சொன்ன வேலை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கூடவே அந்தச் சார்ஜன்ட். இருவருக்கும் கதிரை போட்டு, குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து, ‘வேறு’ என்பதை அழுத்தினேன். நினைவில் இருந்த அளவுகளை வைத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். தலைப்பக்கத்தின் வளைவு என்னிடம் இல்லாததால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வருமாறு உத்தேசமாகக் கொடுத்தேன். கடைசிப் புள்ளியில் கோடு மூடிக்கொண்டது. திரையில் வெட்டுமுகம் தெரிந்தது.

பொறுப்பதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சார்ஜன்ட் முன்னால் குனிந்தார்.

“இது ரயில் தண்டவாளம் இல்லையா?” என்றார். “தலை இப்படி இருக்காது. எங்கள் வீடு கடுகண்ணாவையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். வளைவுகளில் கிடந்த தண்டவாளம் ஒரு பக்கம்தான் அதிகம் தேயும். இதை இரண்டு பக்கமும் சமமாக வரைந்திருக்கிறாய். பிழை.”

“உண்மைதான் மாத்தையா” என்றேன். “சரியான வடிவம் என்னிடம் இருந்தது. அந்தப் பக்கத்தைத்தான் சாப்பிட்டேன்.”

அவர் குளிரூட்டியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பொறுப்பதிகாரி, “நல்லது, நல்லது” என்று எழுந்துகொண்டார்.

இரண்டாவது தடவை எழுத்தில் அனுமதி பெற்றுப் போனேன். பாதுகாப்புக்கு ஓர் ஆளையும் அனுப்பினார்கள். அதே சார்ஜன்ட். பாலத்துக்கு என்னிடமிருந்து பாதுகாப்பா, எனக்குப் பாலத்திலிருந்து பாதுகாப்பா என்று அனுமதிக் கடிதத்தில் இல்லை. அவர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு ஓடைக்குள் இறங்கி, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். லயத்து அக்கா மறுபடியும் மாவு கொண்டு வந்து கொடுத்தார். இம்முறை வெயில். அங்கேயே தாளில் வைத்து ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்துகொண்டேன். சார்ஜன்ட் சொன்னது சரி. ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஏறி வரும்போது பாசி பிடித்த கல்லில் நான் சறுக்கியபோது மட்டும் கை கொடுத்தார். நானும் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது.

அறுபத்துச் சொச்சம் புள்ளிகளில் அந்த வெட்டுமுகத்தைக் கணினியில் ஏற்றினேன். திசை சரி, பரப்பளவு சரி. பொறியியலாளர் இரண்டு தடவை சரிபார்த்துக் கையெழுத்திட்டார். எட்டுத் தொன்னுக்கு மேல் அந்தப் பாலம் தாங்காது என்று முடிவு வந்தது. சில மாதங்களில் பாலத்தின் முனையில் ஓர் அறிவிப்புப் பலகை நட்டார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அந்தப் பாதையில் லொறி ஓட்டியவர்கள் அநேகமாக எல்லோரும் தமிழர்கள்.

பலகையைப் பார்க்கப் போயிருந்த அன்று தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் ஒருவர் வண்டியை நிறுத்திக் கேட்டார். “இதுல என்னா தங்கச்சி எழுதியிருக்கு?”

“எட்டு தொன்னுக்கு மேல ஏத்திக்கிட்டுப் போகக்கூடாதுன்னு இருக்கு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “நாங்க எப்பவும் பத்து, பதினொண்ணுல தானே போறோம். பாலத்துக்குத் தெரியுமா இது?” என்று கேட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு பாலத்தைக் கடந்து போனார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இராணுவ லொறிகளும் அந்தப் பக்கம் வருவதுண்டு. அவற்றை ஓட்டியவர்கள் பலகையை வாசித்திருப்பார்கள், சிங்களத்தில்தானே இருந்தது. ஆனால் அவர்களுக்கு அது பொருந்தாது போலும்.

போர் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. பொறியியலாளர் ஓய்வு பெற்று மகளோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். மென்பொருளும் பலமுறை மாறிவிட்டது. இப்போதெல்லாம் ஒரு படத்தைக் காட்டினால் அதுவே வெட்டுமுகத்தை எடுத்துக்கொள்கிறது. ஆர்வத்தில் அந்தப் பழைய புள்ளிகளைப் புதியதில் போட்டு இரண்டு தடவை பார்த்தேன். எட்டுத் தொன்தான் வருகிறது. பாலம் இன்னும் அங்கேயே இருக்கிறது. போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் வாடகை வான் ஒன்றில் போனேன். எங்களுக்கு முன்னால் மணல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று பாலத்தில் ஏறியது. எங்கள் வானும் இடைவெளி விடாமல் அதன் பின்னாலேயே ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண், “தலை சுத்துதா அக்கா?” என்று கேட்டு, ஜன்னல் பக்கத்து இடத்தை எனக்குக் கொடுத்தாள்.