பெட்டித் துணியின் வாசம்

1983 கடைசி, பள்ளி விடுமுறை. கோலா சிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு. அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்து எட்டு நாள்; மருத்துவச்சி வந்து வீட்டிலேயே நடந்த பிரசவம். நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பு வேறு!

நாங்கள் குழந்தையாக இருந்தபோது உடுத்திய துணிகளை அம்மா ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். முதல் பேரனுக்கு அவற்றைத்தான் போட வேண்டுமென்று அவருக்கு ஆசை. கரப்பான் அண்டாமல் இருக்க, யாரிடமும் சொல்லாமல் அதில் பாச்சை உருண்டைகளை அள்ளிப் போட்டிருந்தேன். அப்போது விடாத மழை, துவைத்தால் காயாது. "வாசமாத்தான் இருக்குலா, அப்படியே சுத்துக்கா" என்று எடுத்துக் கொடுத்ததும் நானே.

அந்தத் துணியைச் சுற்றிய மூன்றாம் நாள் காலை குழந்தை மஞ்சள் பூத்துக் கிடந்தான். பால் குடிக்கவில்லை. துணியில் சிறுநீர் கறுப்புக் கோப்பி நிறத்தில் இருந்தது. எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணியின் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி நெடுக அக்கா அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தபடியே வந்தாள்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர் அம்மா தமிழர்.

"சிவப்பணு உடைஞ்சிக்கிட்டே இருக்கும்மா. உடனே ரத்தம் மாத்தணும். வீட்ல பாச்சை உருண்டை ஏதும் வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க டாக்டர்" என்றார் அம்மா.

சொன்னால் அக்கா என்னைக் கொன்றே விடுவாள் என்று நின்றேன். அதற்குள் அவள் ஈரத்துணியை மாற்றப் பையிலிருந்து இன்னொன்றை உதறி விரித்தாள். அதுவும் பெட்டித் துணி.

"போடாதக்கா! நான்தான் உருண்டை வச்சேன்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் மிஸ்ஸி ஓடிவந்து பையோடு பிடுங்கிக்கொண்டு போனார்.

டாக்டர் திட்டவில்லை. சிவப்பணுவின் சவ்வு இரண்டு கொழுப்பு அடுக்குகளால் ஆனது, எந்தக் கொழுப்பு உள் அடுக்கில், எது வெளி அடுக்கில் என்று அணு ஓயாமல் ஒழுங்கு பார்த்துக்கொண்டே இருக்கும் என்றார். அதைக் காக்கும் ஒரு நொதி இவனுக்குப் பிறவியிலேயே குறைவாம். அந்த வாசம் பட்டதும் ஒழுங்கு குலைந்து, சவ்வு சிதைந்து, அணுக்கள் அழிகின்றனவாம். அதே சவ்வைப் பரீட்சையில் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

"என்னத்தடி படிச்ச நீ?" என்றாள் அக்கா. அவ்வளவுதான் கேட்டாள்.

ரத்தம் மாற்றி இரண்டு நாள் கழித்துத்தான் பசியில் வீறிட்டு அழுதான். பிழைத்துக்கொண்டான்.

இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறான். தெரியாமல் செய்ததை அக்கா மன்னித்துவிட்டாள். தெரிந்த பிறகும் வாயடைத்து நின்ற அந்த அரை நிமிடத்தை எனக்கு நானே இன்னும் மன்னிக்கவில்லை.